மிக நல்ல தண்ணீர்

அந்தத் தண்ணீர் ரொம்ப நல்ல தண்ணீராக இருந்தது. கோகிலவாணிக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான்.

ஈரோட்டுக்கு வெளியே இருந்த ‘தெளிவு’ பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பதினாறு வருடச் சர்வீஸ். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய குளிர்பான பாட்டிலில்கூட யாராவது சாம்பிள் கொண்டுவந்து வைப்பார்கள். எந்த ஊர், யார் கிணறு என்பது பேனாவால் எழுதி ஒட்டியிருக்கும். முடிவு வருவதற்குள் ஒரு போன் வந்துவிடும். “கொஞ்சம் பாத்துப் போடுங்க மேடம்.”

நீர்த்தூய்மை ஆணையம் என்று ஒன்று வந்த பிறகு அந்தக் கதையெல்லாம் முடிந்தது. இப்போது பாட்டிலின் மூடியே இடத்தையும் நேரத்தையும் பதிந்துகொண்டு தானாகப் பூட்டிக்கொள்ளும். கூடத்துக்கு வந்து சேரும்போது அதன்மேல் ஒரு எண்ணும் பூட்டின நேரமும் மட்டும்தான் இருக்கும். எந்த ஊர்த் தண்ணீர் என்பது பரிசோதிப்பவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றாலே குற்றம். இதற்குமேல் யார் யாரை ஏமாற்ற முடியும் என்று எல்லாரும் நினைத்தார்கள். கோகிலவாணியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அவள் தேடுவது அழியாச் சேர்மங்களை. மழை ஒட்டாத கோட்டு, எண்ணெய் ஒட்டாத சட்டி, கறை படியாத மேஜைத் துணி என்று மனிதன் சௌகரியத்துக்காகச் செய்துகொண்ட ரசாயனங்கள். இவை மண்ணில் மக்காது, காய்ச்சினாலும் போகாது. உடம்புக்குள் ஒருமுறை போனால் அங்கேயே குடித்தனம் வைத்துவிடும். ஒரு லட்சம் கோடிப் பங்கு தண்ணீரில் நான்கு பங்குக்குமேல் இருந்தால் கிணறு ‘சிவப்பு’. சிவப்பு என்று அறிவித்த அறுபதாம் நாள் ஊரைக் காலி செய்துவிடுவார்கள். மக்களின் உயிரைக் காக்க வந்த சட்டம் அது. கொண்டுவந்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கொண்டுவந்தார்கள்.

போன சித்திரையில் அதை இன்னும் இறுக்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்த சாம்பிளை இனி வாரா வாரம் எடுக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆறு எண்கள் கொண்ட ஒரு தொகுதி ஒவ்வொரு வியாழக்கிழமையும் கோகிலவாணியின் மேஜைக்கு வரத் தொடங்கியது. அதில் மூன்று எண்கள், வாரம் தவறாமல் பூஜ்யம். கோடை மழைக்கு முன்னாலும் பூஜ்யம், பின்னாலும் பூஜ்யம்.

எந்தக் கிணறும் அப்படி இருக்காது. மழைக்கு ஒரு குணம், வெயிலுக்கு ஒரு குணம் காட்டினால்தான் அது கிணறு. மற்ற மூன்று எண்களும் ஏறின, இறங்கின. இந்த மூன்று மட்டும் பரீட்சையில் காப்பியடித்த பையன்களைப்போல ஒரே பதிலை எழுதிக்கொண்டிருந்தன.

ஒரு மதிய உணவு இடைவேளையில், யாரும் கேட்காமலே, அந்த மூன்று பாட்டில்களிலிருந்தும் சொட்டுச் சொட்டாக எடுத்துப் பக்கத்து அறையில் இருந்த பழைய கருவியில் போட்டாள். தண்ணீரின் பிறப்பிடத்தைச் சொல்லும் கருவி அது. மூன்றும் ஒரே தண்ணீர் என்றது. அதுவும் இந்தப் பக்கத்துத் தண்ணீரே இல்லை என்றது.

சாம்பிள் எடுத்து வருபவர் சென்னியப்பன். ஐம்பது தாண்டியவர். கோகிலவாணிக்கு முன்பே அந்தக் கூடத்தில் இருப்பவர். ஒரு நாளும் தாமதமாக வந்தவர் இல்லை. அவர் மேல் சந்தேகப்பட அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் பாட்டிலைத் தொடுகிற கை அவருடையது ஒன்றுதானே?

வண்டி நிறுத்துமிடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றாள்.

“அண்ணா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கேளுங்க அம்மிணி.”

“வியாழக்கெழம வர்றதுல மூணு பாட்டில் ஒரே தண்ணியா இருக்குதுங்க.”

“மூணும் மூணு ஊருங்க. ஒண்ணுக்கொண்ணு பத்து மைலு இருக்கும்.”

“அதனாலதான் கேக்கறேன். தண்ணிக்கும் கைரேக உண்டுங்கண்ணா. மேகம் மலை ஏறும்போது கனமான தண்ணிய அடிவாரத்துலயே கொட்டிருது. உச்சியில விழுகறது லேசான தண்ணி. அணையில தேங்கறது அதுதான். நம்மூரு போர்க்கெணத்துல அறுநூறு அடிக்குக் கீழ கெடக்கறது வேற சாதித் தண்ணி. மெஷின்ல போட்டா பிரிச்சுச் சொல்லிரும். இந்த மூணும் மலைத் தண்ணி. அணையிலிருந்து குழாய்ல வர்ற தண்ணி.”

சென்னியப்பன் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்ப நான் என்ற வீட்டுக் கொழாயில புடிச்சுட்டு வர்றேங்கறீங்களா?”

“நான் அப்படிச் சொல்லலீங்க.”

“வேற எப்படிங்க சொல்றது? மூடியத் தெறந்தா எடம் பதியுது. ஊட்டுல தெறந்தா ஊடுன்னு காட்டாதா?” அவர் குரல் உயரவில்லை, ஆனால் முகம் கறுத்துவிட்டது. “இருவது வருசமா இந்தக் கையில பாட்டில் புடிக்கறேன். நீங்க போயி உங்க மெஷினக் கேளுங்க.”

கோபித்துக்கொண்டு போனார். ஆனால் ‘எப்படி ஒரே தண்ணீராக இருக்கும்?’ என்று அவர் கேட்கவே இல்லை. கோகிலவாணிக்கு அதுதான் உறுத்தியது. தவறு செய்யாதவனுக்கு முதலில் ஆச்சரியம்தானே வரவேண்டும்?

அடுத்த வியாழக்கிழமை லீவு போட்டாள். கணவன் மோகனரங்கன் காரணம் கேட்டபோது தலைவலி என்றாள். காலையில் சென்னியப்பனின் வண்டி கிளம்பியதும், இரண்டு பஸ் இடைவெளி விட்டுத் தன் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தாள். சட்டத்தை மீறுகிறோம் என்பது தெரிந்தே இருந்தது.

முதல் ஊரின் பெயர்ப்பலகை ‘ஊஞ்சக்காட்டூர்’ என்றது. வாரா வாரம் முதலில் பூட்டப்படும் பாட்டில் அந்த மூன்று பூஜ்யங்களில் ஒன்று; அது இந்த ஊருடையதாகத்தான் இருக்கவேண்டும். விசைத்தறிச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. கிளுவை வேலி, நாலைந்து வெள்ளாடு, ஒரு ரேஷன் கடை, அதன் பின்னால் ஊர்ப் பொதுப் போர்க்கிணறு. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

சென்னியப்பன் மோட்டாரைப் போட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் தண்ணீரை ஓடவிட்டார். பாட்டிலை மூன்றுமுறை கழுவினார். நிரப்பினார். மூடி ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொண்டது. புத்தகத்தில் போட்டிருப்பதற்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. ஒரு பெண் சொம்பில் மோர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு, வண்டிப் பெட்டியிலிருந்து தன் சொந்த பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

கோகிலவாணி அதைப் பார்த்தபடியே நின்றாள். இருபது வருடமாக வந்துபோகிற ஊரில் ஒரு வாய் மோர்கூடக் குடிக்கமாட்டாரா இந்த மனிதர்? அவருக்கு என்னவோ தெரிந்திருக்கிறது. ஆனால் பாட்டிலில் அவர் கை வைக்கவில்லை. கண் முன்னால் பார்த்தாகிவிட்டது. அப்படியென்றால் போரிலிருந்தே மலைத் தண்ணீர் வருகிறது. அது எப்படி வரும்?

ஊருக்குக் கிழக்கே இரண்டு மைலில் துணிப் பூச்சு ஆலைகள் இருந்தன. அவள் சந்தேகம் நேராக அங்கே போய் நின்றது. ஆலைக்காரர்கள் ஆள் வைத்து ஏதோ செய்கிறார்கள். சாம்பிள் எடுக்கும் கிழமை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் வியாழனுக்கு முந்திய நாள் வந்து பார்த்தால் பிடித்துவிடலாம்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம், தறியிலேயே பெட்ஷீட் வாங்க வந்தவள்போல ஊஞ்சக்காட்டூருக்குப் போனாள். இரண்டு பெட்ஷீட் வாங்கவும் செய்தாள். மூன்று மணிக்கு டேங்கர் லாரி வந்தது. ‘குடிநீர்’ என்று பக்கவாட்டில் நீல எழுத்து. ஒன்றியத்திலிருந்து வாரம் ஒருமுறை வருகிற லாரி.

வழக்கமாக டேங்கர் வந்தால் ஊர் என்ன பாடுபடும் என்பது அவளுக்குத் தெரியும். குடம் உருளும், வரிசைச் சண்டை நடக்கும், ஓட்டுநரை நாலு பேர் திட்டுவார்கள். இங்கே அந்தக் கூச்சல் எதுவும் இல்லை. ஏழெட்டுப் பெண்கள் மட்டும் ஆளுக்கு இரண்டு குடம் பிடித்துக்கொண்டு பேசாமல் போனார்கள். பிறகு லாரி பின்பக்கமாக நகர்ந்து போருக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டு தறிக்காரர்கள் போர்க்குழாயின் மூடியைக் கழற்றினார்கள். லாரியின் ரப்பர் குழாயை உள்ளே இறக்கினார்கள். திறந்துவிட்டார்கள்.

ஊர் குடிக்கவேண்டிய தண்ணீர் முழுவதும் அறுநூறு அடிப் பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கூடி நின்றவர்கள், சவ அடக்கத்தின்போது நிற்பவர்களைப்போல, வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பெட்சீட்டு வாங்க வந்தவுங்க போரையே பாத்துட்டு நிக்க மாட்டாங்களே அம்மிணி.”

திரும்பினாள். முந்தின வாரம் சென்னியப்பனுக்கு மோர் நீட்டிய பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். அந்த ஊரின் பஞ்சாயத்துத் தலைவி பூவாத்தாள்.

“ஆணையத்துல இருந்து வர்றீங்களா?”

“இல்லீங்க. பரிசோதனைக் கூடம். உங்க தண்ணியப் பாத்து முடிவு எழுதறது நான்தான்.”

பூவாத்தாளின் முகத்தில் பயம் வரும் என்று கோகிலவாணி எதிர்பார்த்தாள். ஆனால் அந்த முகத்தில் கோபம்தான் வந்தது.

“அப்ப வாராவாரம் எங்களுக்கு வெசம் குடுக்கறது நீங்கதானுங்களா?”

கோகிலவாணிக்குப் புரியவில்லை. “ஆலைக்காரங்க சொல்லித்தானுங்க இதப் பண்றீங்க?” என்றாள்.

“ஆலைக்காரனா? அவனுக்கு நாங்க இங்க இருக்கறதே தெரியாது. நாங்களாத்தான் பண்றோம்.” பூவாத்தாள் அவளை வேப்பமர நிழலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். “கரட்டுப்புதூரு தெரியுமுங்களா உங்களுக்கு? நாலு வருசத்துக்கு முன்னால செவப்புன்னு எழுதுனாங்க. அறுவதாவது நாளு பஸ்ஸு வந்து நின்னுச்சு. தறியும் ஆடும் இங்கயே கெடக்க, மனுசர மட்டும் ஏத்திட்டுப் போயி எட்டு மாடிக் கட்டடத்துல வெச்சாங்க. வேல இல்ல. ‘செவப்பூர்க்காரி’ன்னு பொண்ணெடுக்க மாட்டேங்கறாங்க. எங்க சின்னம்மா அங்க போயி ஆறு மாசத்துல செத்துப்போச்சு. தண்ணி நல்ல தண்ணிதான் குடிச்சுது. செத்துப்போச்சு.”

“ஆலைய மூடச் சொல்லிக் கேஸ் போடலாமுங்களே?”

“போட்டிருக்குதுங்க. ஆலைய மூட எத்தன வருசமோ, ஊர மூட அறுவது நாளு.”

டேங்கரிலிருந்து தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“மூணு மாசத்துக்கு ஒருக்கா பாட்டில்காரரு வந்தப்ப, மொத நாளு வர்ற டேங்கர போருக்குள்ள எறக்கிருவோம். அந்த ஒரு வாரம் மட்டும் போர்த் தண்ணியக் குடிச்சுக்குவோம். ஒரு வாரந்தானேன்னு இருந்துச்சு. இப்ப வாராவாரம் வர்றீங்க. வாரத்துக்கு வர்றதே ஒரு டேங்கர். கைப்புள்ள இருக்கற ஊட்டுக்கும் மாசமா இருக்கறவளுக்கும் ரெண்டு கொடம். மத்தவங்களுக்கெல்லாம் அந்தத் தண்ணிதான்.”

சட்டத்தை இறுக்கியபோது கோகிலவாணி சந்தோஷப்பட்டிருக்கிறாள். கூடத்தில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள். வாரம் ஒருமுறை பார்த்தால் ஒரு சொட்டு விஷம்கூடத் தப்பாது என்று பேசிக்கொண்டார்கள். பூஜ்யம், பூஜ்யம் என்று ஒவ்வொரு வாரமும் அவள் கையெழுத்துப் போட்டபோது, இந்த ஊர் அந்த வாரத்துக்கான விஷத்தைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

“வடிகட்டுற மெஷினாவது கேட்டிருக்கலாமுங்களே?”

“கேட்டோமுங்க. உங்கூர்த் தண்ணி ரொம்ப நல்ல தண்ணியாச்சே, உங்களுக்கு எதுக்கு மெஷினுன்னு பேப்பரக் காட்டுனாங்க. கீழ உங்க கையெழுத்துத்தான் இருந்திருக்கும்.” பூவாத்தாள் டேங்கர் பக்கம் திரும்பினாள். பிறகு, “என்ற மருமகளுக்கு ரெண்டு தடவ வயித்துல தங்கல. இப்ப அஞ்சாம் மாசம்” என்றாள்.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று கோகிலவாணிக்கு நினைவில்லை.

உண்மையை எழுதலாம். ‘கிணற்றில் வேறு நீர் கலக்கப்பட்டுள்ளது’ என்று எழுதினால், விதிப்படி ஊர் அன்றே சிவப்பு. எழுதாமல் இருந்தால் பச்சை, அடுத்த புதன்கிழமை மறுபடி டேங்கர் போருக்குள் இறங்கும். வெள்ளிக்கிழமை முழுவதும் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். அதுவரை படித்துப் பொருட்படுத்தாத ஒரு பிரிவு கண்ணில் பட்டது. பரிசோதிப்பவரின் கவனக்குறைவால் சாம்பிள் கெட்டுவிட்டால் அது ‘செல்லாது’. விசாரணைக்காக அந்த இடத்தில் தொண்ணூறு நாளைக்குச் சாம்பிள் எடுக்கக்கூடாது, அதை ஊருக்கும் தெரிவிக்கவேண்டும். கவனக்குறைவானவருக்கு ஒரு கரும்புள்ளி. மூன்று புள்ளி சேர்ந்தால் உரிமம் ரத்து.

அடுத்த வியாழக்கிழமை வந்த பாட்டில்களில் ஊஞ்சக்காட்டூர் எது என்பது அவளுக்குத் தெரியும், பூட்டின நேரம்தான் முதலில் இருக்கும். அதைக் குளிர்பெட்டியில் வைக்காமல் ஜன்னலோரம் வெயிலில் வைத்தாள். மாலையில் ‘என் கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதினாறு வருடத்தில் அவள் எழுதிய முதல் பொய் அது.

இரண்டு வாரம் கழித்துச் சென்னியப்பன் அவள் மேஜையருகே வந்து நின்றார். அந்தச் சண்டைக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசியதே இல்லை.

“ஊஞ்சக்காட்டூர்ப் பக்கம் போகவேண்டாம்னுட்டாங்க. வழியில பாத்தேன். டேங்கரு ஊருக்குள்ள நின்னுச்சு. கொடத்துக்குச் சண்ட நடந்துட்டிருந்துது. ரொம்ப நாளாச்சுங்க அந்தச் சண்டையப் பாத்து.”

“உங்களுக்கு முன்னாலயே தெரியுமாண்ணா?”

“நான் பாட்டில் புடிக்கறவனுங்க. போருக்குள்ள எட்டிப் பாக்கறது என்ற வேல இல்ல” என்றார். கண்ணைப் பார்க்காமலே போய்விட்டார்.

பாட்டிலை வெயிலில் வைத்த நாற்பதாம் நாள் ஆணையத்தின் கண்காணிப்புப் பிரிவிலிருந்து தணிகாசலம் என்ற அதிகாரி வந்தார். சென்னைக்காரர். ஒட்ட வெட்டின நரைமுடி, மெதுவான குரல். அவள் எதிரே உட்கார்ந்து, ஒலிப்பதிவுக் கருவியை மேஜையில் வைத்தார்.

“பதினாறு வருஷத்துல ஒரு தப்பு இல்ல. திடீர்னு பாட்டில வெயில்ல வெச்சிட்டீங்க.”

“உடம்பு சரியில்லாம இருந்துச்சுங்க சார்.”

“அந்த ஜன்னல் பக்கம் ரெண்டு மணிக்கு மேலதான் வெயில் வருது. பாத்துட்டுத்தான் வர்றேன். அதுவரைக்கும் பாட்டில் எங்க இருந்துச்சு?”

கோகிலவாணி ஜன்னலைப் பார்த்தாள். அவர் ஒரு தாளைப் பிரித்தார்.

“திண்டுக்கல்ல ஒருத்தர் பாட்டில கீழ போட்டுட்டாரு. கடலூர்ல ஒரு அம்மா மூடிய மாத்தித் தொறந்துட்டாங்க. கரூர்ல குளிர்பெட்டி ஸ்விட்ச்ச அணைச்சிட்டு மறந்துட்டாங்க. எல்லாமே டேங்கர் தண்ணி போற ஊருங்க. எல்லாருமே நல்ல பேர் எடுத்த ஆளுங்க. நீங்கள்லாம் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கறீங்களா?”

“இல்லீங்க சார். யாரையும் எனக்குத் தெரியாது.”

அது உண்மை. உண்மையைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது.

தணிகாசலம் அவளையே பார்த்தார். ஒலிப்பதிவுக் கருவியை அணைத்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி, போகிற போக்கில் சொல்வதுபோலச் சொன்னார்.

“ஒரு வருஷத்துக்குள்ள நாப்பது சாம்பிள் செல்லாம போச்சுன்னா, ஆளுங்கள விட்டுட்டு முறையையே மறு ஆய்வுக்கு எடுக்கணும்னு விதி இருக்கு. அதுவரைக்கும் மாநிலம் பூராவும் இந்தச் சோதனைய நிறுத்தி வெக்கணும். இப்ப முப்பத்தெட்டு.”

எழுந்து போய்விட்டார்.

இது பொறி என்றுதான் கோகிலவாணிக்கு முதலில் தோன்றியது. தூண்டிவிட்டுக் கையும் களவுமாகப் பிடிப்பது. இரண்டாவதாகத் தோன்றியது அதைவிட மோசமாக இருந்தது. சோதனை நின்றால் முதலில் சந்தோஷப்படப்போவது யார்? ஆலைக்காரர்கள்தான். இந்த ஆள் அவர்கள் ஆளாக இருந்தால்? தன் கையாலேயே அவர்களுக்குக் கதவைத் திறந்துவிடச் சொல்கிறானா?

நான்கு நாள் யோசித்தாள். வீட்டில் மோகனரங்கனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன், “உரிமம் போச்சுன்னா திரும்ப வராதே” என்றான். “வராது” என்றாள்.

வியாழக்கிழமை வந்தது. கைரேகை ஒன்றாக இருந்த மற்ற இரண்டு எண்களும் மேஜையில் நின்றன. எந்த ஊர்கள் என்று அவளுக்குத் தெரியாது. அங்கே யார் வீட்டில் யார் மாசமாக இருக்கிறாள் என்பதும் தெரியாது. இரண்டு மூடிகளையும் திறந்து தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள். ‘என் கவனக்குறைவு’ என்று இரண்டு தடவை எழுதினாள்.

மாத முடிவுக்குள் உரிமம் ரத்தானது. அடுத்த வாரமே மாநிலம் முழுவதும் வாராந்தரச் சோதனை நிறுத்தப்பட்டது. அதற்கடுத்த நாள் செய்தித்தாளில் அரைப்பக்க விளம்பரம் வந்தது: ‘அறிவியலுக்குக் கிடைத்த வெற்றி. பூச்சு ஆலை உரிமையாளர் கூட்டமைப்பு.’ கோகிலவாணி அந்தத் தாளை மடித்து, திரும்பவும் பிரித்து, திரும்பவும் மடித்தாள்.

ஐந்து மாதம் கழித்துக் கோயம்புத்தூரில் மறு ஆய்வுக் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. கூட்டத்தில் பெயர் சொல்லும் எந்த ஊர்மீதும், ஆய்வு முடியும்வரை நடவடிக்கை இல்லை என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். கோகிலவாணி அதை நம்பவில்லை. ஆனாலும் போனாள்.

மண்டபத்தின் முன்வரிசையில் ஆலைக் கூட்டமைப்பின் வக்கீல்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் தணிகாசலம். ஒரு வக்கீல் ஏதோ சொல்ல, அவர் சிரித்தார். அப்போ அவர்கள் ஆள்தான். ஏமாந்துவிட்டோம்.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்ணும் அவரையே வெறித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும், தலையில் முக்காடு. மெதுவாகக் கேட்டாள்.

“உங்ககிட்டயும் அவர் வந்தாரா?”

“ஆமாங்க.”

“நான் ஷாஜிதா. வேலூர்ல கூடம். இருந்துச்சு, இப்ப இல்ல. என்கிட்ட வந்து, நாப்பது ஆனா முறையே போயிரும், இப்ப பதினெட்டுன்னு சொன்னாரு.”

கோகிலவாணி திரும்பி அவளைப் பார்த்தாள். “எங்கிட்ட முப்பத்தெட்டுன்னாருங்க.”

பின்வரிசையிலிருந்து ஒரு ஆள் தலையை நீட்டினார். “நான் திண்டுக்கல்லு. எங்கிட்ட ஒம்பதுன்னாரும்மா.”

மூன்று பேரும் முன்வரிசையின் அந்த நரைத்த தலையைப் பார்த்தார்கள். ஊர் ஊராகப் போயிருக்கிறார். ஒவ்வொரு கூடத்திலும் கருவியை அணைத்துவிட்டு, போகிற போக்கில் ஒரு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

“யாருக்காகப் பண்ணாரு?” என்றாள் ஷாஜிதா. “ஊருக்காகவா, அவங்களுக்காகவா?”

“தெரியலீங்களே.”

கோகிலவாணியின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கியருகே போய் நின்றாள். அவள் சொல்ல வந்தது இதுதான்: சோதனையை நிறுத்தாதீர்கள். ஊரைத் தண்டிப்பதை நிறுத்துங்கள். சிவப்பு வந்தால் முதலில் ஆலையை மூடுங்கள். இதைச் சொல்ல ஒரு ஊரின் பெயர் வேண்டும். பெயர் இல்லாமல் சொன்னால் கதை என்பார்கள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது.

“எந்த ஆய்வகம்?” என்றார் குழுத் தலைவர்.

“இப்ப எதுவும் இல்லீங்க.”

“எந்த ஊர் சம்பந்தமாப் பேசறீங்க?”

அவள் வாயைத் திறந்தாள். முடியவில்லை. அவள் சொல்லவேண்டிய பெயர் இன்னொருவர் வீடாக இருக்கிறதே. சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விடுவாள். பஸ் வந்து நிற்கப்போவது அவள் வாசலில் இல்லை.

மண்டபத்தின் கடைசியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். கசங்கின நூல்சேலையில் பூவாத்தாள் எழுந்து நின்றாள். பக்கத்தில் ஒரு இளம்பெண், மடியில் துண்டில் சுற்றின மூன்று மாதக் குழந்தை. எப்போது வந்து உட்கார்ந்தார்கள் என்று கோகிலவாணிக்குத் தெரியவில்லை.

“அந்த அம்மிணியக் கேக்காதீங்க” என்றாள் பூவாத்தாள், ஒலிபெருக்கி இல்லாமலே மண்டபம் முழுவதும் கேட்கும்படி. “ஊரு எங்களுது. ஊஞ்சக்காட்டூருங்க. எங்க தண்ணி நல்ல தண்ணி இல்ல. நாலு வருசமா நாங்கதான் உங்கள ஏமாத்திட்டிருக்கறோம். ஏன்னு கேளுங்க, சொல்றேன்.”

முன்வரிசையில் வக்கீல்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தணிகாசலம் மட்டும் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அந்த ஊர்ப் பெயரை நிதானமாக எழுதிக்கொண்டார். எதற்காக எழுதினார் என்பது கோகிலவாணிக்கு அப்போதும் தெரியவில்லை.